மண்ணில் கிடந்த காசும் மன்றத்தில் கூவிய விலையும்

(வளையமாதேவியில் ஊர்ப்பெருமக்கள் முன்னிலையில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



பழஞ்செப்புக் காசுகளைப் பற்றி இன்று பேசவேண்டும் என்று இவ்வூர் இளைஞர்கள் கேட்டுக்கொண்டனர். காசு திரட்டுதல் பொழுதுபோக்கன்றோ, அதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், மண்ணைத் தோண்டுதல் எத்தகையது என்பதை உங்களினும் அறிந்தவர் தமிழகத்தில் யாவர்? 1930-களில் சம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரும்பொருளிலிருந்து தொடங்கியது நெய்வேலியின் கதை. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 2023 சூலையில், பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக இவ்வளையமாதேவியில் பச்சைப் பயிரின்மேல் மண்வாரிப் பொறிகள் இறங்கியதை நாடே கண்டது. மண்ணுக்கு மேலிருந்த பயிரைப் பற்றிப் பலரும் பேசினர், பேசவும் வேண்டும். மண்ணுக்குள் இருப்பதைப் பற்றிப் பேசவே யான் வந்துள்ளேன். நிலக்கரியைச் சொல்லவில்லை, நம் முன்னோர் கைதவறி விட்டதும், கலத்திலிட்டுப் புதைத்ததுமான சிறு செப்புக் காசுகளைச் சொல்கிறேன்.

காசு என்னும் சொல்

முதற்கண் சொல்லைத் தெளிவோம். 'நாணயம்' என்பது 'நாணகம்' என்னும் வடசொல்லின் வழிவந்தது. குசாணர் காசுகளில் பொறித்த 'நனா' என்னும் பெண்தெய்வத்தின் பெயரோடு அச்சொல்லைத் தொடர்புறுத்துவர் ஆய்வாளர். 'தாமிரம்' என்பதும் வடசொல்லே. நமக்குச் 'செம்பு' உண்டு. அதன் நிறமே அதன் பெயர். நமக்குக் 'காசு' உண்டு. அஃது இன்று நேற்றைய சொல்லன்று.

குறுந்தொகையின் 67-ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார் ஒரு காட்சி காட்டுகிறார். கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கிறது. புது நூலில் கோப்பதற்காகப் பொற்காசொன்றை நகநுனியில் பற்றியிருப்பதுபோல் அது தோன்றுகிறதாம். இன்றும் நம் தாய்மார் அணியும் காசுமாலைக்கு அப்பாட்டே பாட்டி. வெண்பாவின் ஈற்றுச்சீர்க்கு வாய்பாடு சொல்லும்போதும் நாள், மலர், காசு, பிறப்பு என்கிறோம். இலக்கணத்தின் அடிமனைவரை சென்று குடியிருக்கும் சொல் இது.

இச்சொல் கடலும் கடந்தது. ஆங்கிலத்தில் 'கேசு' என்று இரண்டு சொற்கள் உண்டு. கையிருப்புப் பணத்தைக் குறிப்பது பெட்டி என்னும் பொருளுள்ள இலத்தீன் வேரினின்று வந்த வேறு சொல். அதனை நமதென்று கொண்டாடுதல் வேண்டா. சிறு செப்புக் காசைக் குறிக்கும் மற்றொன்றோ, போர்த்துக்கீசர் வாய்வழியாகச் சென்ற நம் 'காசு' ஆகும். உரியதைக் கேட்போம், உரியதல்லாததைக் கேளோம். அதுவே தமிழர்க்கு அழகு.

'ஏலம்' என்பதும் போர்த்துக்கீசர் வழியே நம்மிடம் வந்த சொல்லே. நான் அதனைக் 'கூவி விற்றல்' என்று சொல்வேன். விளங்காதார் ஏலம் என்றே கொள்க.

காசில் எழுதிய தமிழ்

இனிப் பொருளுக்கு வருவோம். சதுரமான செப்புக் காசுகள் பல பாண்டிநாட்டில் நெடுங்காலமாகக் கிடைத்து வந்தன. அவற்றின் பின்புறத்தில் கோட்டுருவ மீன் இருந்தது. ஆனால் பெயர் இல்லை. எக்காலத்தவை, எவர் வெளியிட்டவை என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. கழகக் காலத் தமிழ் வேந்தர்க்குக் காசடிக்கும் வழக்கே இல்லை என்று எழுதினாரும் உண்டு. 1980-களின் நடுவில், தினமலர் ஆசிரியராயிருந்த இரா. கிருட்டிணமூர்த்தி அவர்கள், பழங்காசு விற்பாரிடமிருந்து வாங்கிய காசுகளிடையே ஒன்றைக் கண்டார். ஒரு புறம் குதிரை. அதன்மேல் பழந்தமிழ் எழுத்தில் 'பெருவழுதி' என்னும் பெயர். மறுபுறம் அதே மீன். ஒரு பெயர், ஐந்தே எழுத்து. அவ்வைந்தெழுத்து, பெயரில்லாக் காசுகள் அத்தனைக்கும் பெயர் தந்தது. பாட்டில் மட்டும் வாழ்ந்த வழுதியர் செம்பில் எழுந்து நின்றனர்.

கரூரில் அமராவதி ஆற்று மணலிலிருந்து மாக்கோதை, குட்டுவன் கோதை என்னும் சேரர் பெயர் பொறித்த வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. நமக்கு அண்மையில், தென்பெண்ணைக் கரையில், திருக்கோவலூர்ப் பகுதியிலிருந்து மலையமான் காசுகள் வந்தன. அவற்றின் ஒரு புறம் குதிரை. மறுபுறம் ஆறு வளைந்தோட, அதனுள் மீன்கள். கபிலர் பாடிய மலையமான் நாட்டின் நிலப்படமே கட்டைவிரல் அகலச் செம்பில் அமைந்ததெனலாம். அக்காசுகளைப் பற்றிக் கிருட்டிணமூர்த்தி அவர்கள் 1990-இல் தனிநூல் வெளியிட்டார். தொல்லியல் துறையில் பணியாற்றிய நடன காசிநாதன் அவர்கள் தம் நூலுக்குத் 'தமிழர் காசு இயல்' என்றே பெயரிட்டார். நல்ல தமிழ்ப்பெயர் துறைக்கும் தடையன்று, அறிவுக்கும் தடையன்று என்பதற்கு அதுவே சான்று.

ஆயினும், காசின் வரலாறு முழுவதும் தமிழின் வெற்றி வரலாறு அன்று. முதலாம் இராசராசனின் செப்புக்காசைப் பார்த்திருப்பீர்கள். ஒரு புறம் நிற்கும் உருவம். மறுபுறம் அமர்ந்த உருவம். அதன் கையருகே வேந்தன் பெயர். எந்த எழுத்தில்? நாகரியில். தஞ்சைப் பெருங்கோயிற் சுவரில் நெய்க்கும் விளக்குக்கும் கணக்கைத் தமிழில் வெட்டுவித்த பெருவேந்தன், குடிமகன் கையில் நாள்தோறும் புழங்கும் காசில் தன் பெயரை நாகரியில் பொறித்தான். அக்காசின் அமைப்பை ஈழத்துப் பொலன்னறுவை வேந்தரும் பின்பற்றினர். அங்கும் நாகரியே சென்றது. கல்லில் தமிழ், காசில் வடவெழுத்து. இப்பிளவு இற்றை நாளில் தோன்றியதன்று என்பதை உணர்க.

பின்வந்த பாண்டியர் காலத்தில் தமிழ் மீண்டது. 'சோணாடு கொண்டான்' என்று ஒரு காசு. 'எல்லாந் தலையானான்' என்று மற்றொன்று. எழுத்தும் தமிழ், சொல்லும் தமிழ். யாழ்ப்பாணத்து வேந்தர் காளையுருவின்கீழ்ச் 'சேது' என்று தமிழில் பொறித்தனர். ஆங்கிலக் கும்பனியாரே 1807-ஆம் ஆண்டளவில் சென்னையில் அடித்த செப்புக்காசுகளில் தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பை எழுதினர். சந்தையில் கொடுத்து வாங்குவோன் படித்தறிய வேண்டும் என்னும் வணிக அறிவு அவர்க்கிருந்தது. 1835-இல் இந்தியா முழுமைக்கும் ஒரே காசு என்னும் சட்டம் வந்தபோது, அக்காசில் ஆங்கிலமும் பாரசீகமும் நின்றன, தமிழ் நீங்கியது.

இன்றைய நிலை யாது? பணத்தாளில் பதினைந்து மொழிகளின் வரிசையில் நம் மொழிக்கும் ஒரு வரி உண்டு. நாள்தோறும் புழங்கும் காசில் இந்தியும் ஆங்கிலமுமே. 2009-இல் வெளிவந்த அண்ணா நூற்றாண்டு 5 உருபாக் காசில் அவர்தம் தமிழ்க் கையொப்பமும், 2024-இல் கலைஞர் நினைவாக வெளிவந்த 100 உருபாக் காசில் 'தமிழ் வெல்லும்' என்னும் தொடரும் இடம்பெற்றமை மகிழ்தற்குரியது. ஆனால் அவை நினைவுக் காசுகள். சிங்கப்பூரில் தேநீர்க் கடையில் மிச்சம் வாங்கும் காசில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கிறது; சேத்தியாத்தோப்புத் தேநீர்க் கடையில் வாங்கும் காசில் தமிழ் இல்லை. இதனைச் சினத்தோடு சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

கூவி விற்ற கூடம்

இத்தகைய பழங்காசுகள் இன்று எங்கே போகின்றன? பெருநகரொன்றில் நடந்த கூவி விற்கும் கூட்டத்திற்கு அண்மையில் சென்றிருந்தேன். நடத்தியவர் உரிமம் பெற்றவர், ஒழுங்காகவே நடத்தினார். ஆதலின் பெயரும் ஊரும் ஈண்டு வேண்டா.

விடுதியொன்றின் குளிர்ந்த கூடம். முதல்நாள் முழுதும் காசுகளைப் பார்வைக்கு வைக்கின்றனர். ஒவ்வொன்றும் தெளிதாள் உறையில், உறைமேல் கூற்றெண். மேசைமேல் சிறு விளக்கு, உருப்பெருக்கி, எடைத்தட்டு. வந்திருப்போர் விளிம்பைத் தடவிப் பார்க்கின்றனர். வார்ப்பில் செய்த போலிக்கு விளிம்பில் பொருத்துக்கோடு காட்டிக் கொடுக்கும். மறுநாள் விற்பனை. வழவழப்பான அச்சுப் பட்டியலில் கூற்றெண், எடை, மாழை, அருமை, தொடக்க விலை அனைத்தும் உள. நடத்துநர் கூறு சொல்கிறார், எண்ணட்டையை உயர்த்துகின்றனர், தொலைபேசியில் ஒருவர், இணையத்தில் ஒருவர், எழுதியனுப்பிய உச்சவிலையோடு ஒருவர் என்று போட்டி ஏறுகிறது, சுத்தியல் தட்டுகிறது. தட்டிய விலையின்மேல் நடத்துநர் கூலியும் வரியும் சேரும்.

பொற்காசுக்குக் கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சோழர் செப்புக்காசு ஐம்பது ஒரே பையில், ஒரே கூறாக வந்தது. தேநீர்க் குவளையைக் கீழே வைப்பதற்குள் விற்றுப்போயிற்று. பின்னர்த் தனிக்காசாக ஒரு பாண்டியக் காசு வந்தது. எழுத்துத் தெளிவாயிருந்தது: 'சோணாடு கொண்டான்.' விலை ஏறியது, மேலும் ஏறியது. செம்பின் எடையோ முன்னவை போன்றதே. ஏற்றிய பொருள் எது? எழுத்து. களிம்பு தின்னாது விட்ட சில தமிழ் எழுத்துகளுக்கே அவ்வளவு விலை. வாங்கியவர் தமிழறியாதவர். பெருமை கொள்வதா, வருந்துவதா என்று விளங்காமல் இருந்தேன்.

பட்டியலை மீண்டும் புரட்டினேன். எல்லாம் இருந்தன, ஒன்று மட்டும் இல்லை. ஊர்! எக்காசுக்கும் அது கிடைத்த ஊர் இல்லை. பக்கத்திலிருந்த முதிய காசு வணிகரை வினவினேன்.

"ஐயா, இந்தப் பாண்டியக் காசு எந்த ஊரில் கிடைத்தது?"

"அது யாருக்குத் தெரியும் ஐயா! பழைய பித்தளைக் கடையிலிருந்து ஒருவர் வாங்கி, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, நான்காவது கையாக இங்கே வந்திருக்கும். ஊரைச் சொன்னால் வழக்கு வருமோ என்று எவரும் சொல்லமாட்டார்கள்."

அவர் பொய் சொல்லவில்லை. நம் சிக்கல் முழுவதும் அவ்விடையில் அடங்கியிருக்கிறது.

ஊரில்லாத காசு, வேரில்லாத மரம். மலையமான் காசு திருக்கோவலூர்ப் பகுதியில் கிடைத்தது என்னும் செய்தியை நீக்கிவிடுங்கள். அதிலுள்ள வளைகோடு பெண்ணையாறு என்று எவர் சொல்ல முடியும்? கிடைத்த இடமும், உடன்கிடைத்த ஓடும், எத்தனை சேர்ந்து கிடந்தன என்னும் எண்ணும் சேர்ந்தே காசைப் பேச வைக்கின்றன. அழகும் எழுத்தும் காசோடு விற்பனைக்குப் போகும். சான்று மட்டும் தோண்டிய குழியிலேயே அழிந்துபோகும்.

ஆயினும், காசு திரட்டுவோரைப் பழித்தல் முறையன்று. அவர்கள் வாங்கியிராவிடின் பல காசுகள் குடமும் குண்டானுமாய் உருகியிருக்கும். பெருவழுதியைக் காட்டியவரும் திரட்டுநரே அல்லரோ? அவர் செய்தது திரட்டல் மட்டுமன்று. படித்தார், எழுதினார், உலகிற்கு வெளியிட்டார். பூட்டி வைத்தால் அது சொத்து. படித்து வெளியிட்டால் அது வரலாறு.

சட்டம் மதிக்கும் விலை

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். நூறாண்டிற்கு மேற்பட்ட காசு தொல்பொருள் என்கிறது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். அதனை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்லுதல் கூடாது. மண்ணிலிருந்து எடுப்பதற்கோ, வெள்ளையராட்சியில் எழுதப்பட்ட 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டமே இன்றும் அடிப்படை. பத்து உருபாவுக்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். மறைத்தால் பங்கும் போம். ஓராண்டுவரை சிறையும் உண்டு. உரியவர் இல்லாத புதையலாயின், வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டவர்க்கு நான்கில் மூன்று பங்கு. நிலத்துக்குரியவர்க்கு ஒரு பங்கு.

கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அரசே அதனை எடுத்துக்கொள்ள விரும்பினால் எவ்வளவு தரும்? அந்த மாழையின் மதிப்பும், அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும் தரவேண்டும் என்பதே சட்டத்தின் சொல். பெருமக்களே, எண்ணிப் பாருங்கள்! பொன்னாயின் பொன்விலை கிடைக்கும், பொருந்தும். ஏறத்தாழ 4 கிராம் எடையுள்ள சோழர் செப்புக்காசின் செம்பு விலை என்ன? ஒரு குவளைத் தேநீர்க்கும் போதாது. சட்டம் அதனைச் செம்பாக நிறுக்கிறது. சந்தை அதனை எழுத்தாக நிறுக்கிறது. இவ்விரண்டு தராசுக்கும் நடுவே நிற்கும் கூலித்தொழிலாளி எந்தத் தராசை நாடுவான்? அவனைக் கள்வன் என்று சுட்டுவது எளிது; அவனை அவ்வழியில் தள்ளுவது 1878-இன் தராசு என்று காண்பதே நேர்மை.

அச்சட்டம் எழுதிய இங்கிலாந்தே தன் நாட்டில் வேறு முறை கண்டது. அங்கு 1996-இல் வந்த புதையற் சட்டத்தின்படி, அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளும் புதையலுக்குச் சந்தை மதிப்பை ஒரு குழு வரையறுத்துக் கண்டவர்க்கும் நிலத்தார்க்கும் வழங்குகிறது. முந்நூறாண்டு கடந்த செப்புக்காசுகள் பத்துச் சேர்ந்து கிடைத்தாலும் அது புதையலே. அதன் கீழ்வராத சிறு பொருள்களையும் 1997 முதல் ஒரு திட்டத்தின்வழி பதிவு செய்கின்றனர். கண்டவர் பொருளைக் காட்டுகிறார்; எழுதிக்கொண்டு திருப்பித் தருகின்றனர். பொருள் அவர்க்கு, செய்தி நாட்டுக்கு.

அந்நாட்டுக் கடலில் கிடந்த நம் காசின் கதை ஒன்றையும் கேளுங்கள். 1808-ஆம் ஆண்டுப் பொறிப்போடு, சென்னை மாகாணத்திற்காகப் பர்மிங்காம் நகரில் அடித்த செப்புக்காசுகளை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்டனர்' என்னும் கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்கே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980-களில் அவற்றைப் பெருந்திரளாக மேலே எடுத்தனர். உலகெங்கும் காசு விற்பார் பட்டியல்களில் இன்றும் அவை விற்கின்றன. அக்காசில் ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பது 'கேசு', நம் காசேதான். கரை சேராமற் போன அக்காசுக்குக் கப்பலின் பெயர் உண்டு, ஆண்டு உண்டு, கிடைத்த இடம் உண்டு. ஆயிரமாண்டு நம் மண்ணிலேயே கிடந்த காசுக்கு ஊர்ப்பெயர்கூட இல்லை. இந்நிலை மாற வேண்டாவா?

நாம் செய்ய வேண்டுவன

செயலுக்கு வருவோம். நம் கையில் இருப்பன முதலில்.

ஒன்று: ஏர் முனையிலோ, கடைக்காலிலோ, வாய்க்காலிலோ காசு கிடைத்தால் தேய்க்காதீர். புளியும் எலுமிச்சையும் சாம்பலும் பித்தளைக் குடத்துக்கு நல்லவை, பழங்காசுக்குக் கூற்றுவன். பச்சைக் களிம்போடு எழுத்தும் உதிர்ந்துபோம். உலர்ந்த தாளில் மடித்து வைத்தலே போதும்.

இரண்டு: கிடைத்த இடத்தை அன்றே எழுதுக. நிலத்தின் பெயர், ஆழம், உடனிருந்த ஓடு, எண்ணிக்கை, நாள். கைப்பேசியில் அவ்விடத்தையும் காசின் இருபுறத்தையும் படமெடுத்து வைக்க. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை எவர் வீட்டிலில்லை?

மூன்று: ஊர் நிருவாக அலுவலர் வழியாக வட்டாட்சியர்க்கும் மாவட்ட ஆட்சியர்க்கும் எழுத்தில் அறிவித்து, ஒப்புகை பெறுக. தனியே செல்ல அஞ்சுவார்க்கு ஊரே உடன் செல்க.

நான்கு: பள்ளியில் ஒரு பதிவேடு வைக்க. காசு அரசிடம் போகட்டும். படமும் செய்தியும் பள்ளியில் நிற்கட்டும். பழந்தமிழ் எழுத்தைப் படிக்கப் பிள்ளைகட்குப் பயிற்றுக. தம் ஊர்க் காசைத் தாமே படிக்கத் தெரிந்த பிள்ளை, பிறர் வைத்த விலைக்குத் தலையாட்டாது.

அரசிடம் நாம் கேட்கவேண்டுவன இரண்டு. எழுத்தும் உருவும் உள்ள காசுக்கு மாழை விலை தராது, வரலாற்று மதிப்பறிந்து விலை தருமாறு புதையற் சட்டத்தைத் திருத்துக. சுரங்கத்திற்கும் கால்வாய்க்கும் சாலைக்கும் நிலம் எடுக்குமுன், தொல்லியலார் அந்நிலத்தில் நடந்து பார்த்து எழுதிவைத்தலைக் கட்டாயமாக்குக. நிலக்கரிமேல் மூடியிருக்கும் மண்ணை 'மேல்மண்' என்று அகற்றுகின்றனர். அம்மேல்மண்ணின் மேலடுக்கில்தான் மாந்தன் வாழ்ந்தான், அடுப்பு மூட்டினான், காசு புதைத்தான். நிலத்துக்கு இழப்பீடு கேட்கலாம், பயிருக்குக் கேட்கலாம், அவ்வடுக்குக்கு எவரிடம் இழப்பீடு கேட்பது?

'மாதேவி' என்று முடியும் ஊர்ப்பெயர் உங்களுடையது. நாகை மாவட்டத்துச் செம்பியன்மாதேவி போல, அரசியர் பெயரைத் தாங்கிய ஊர்கள் தமிழகத்தில் உண்டு. இத்தகைய பெயர் கொண்ட ஊர், தன் மண்ணில் என்ன இருக்கிறது என்பதைத் தானே எழுதிவைக்க வேண்டும். நாளை எந்தக் கூடத்திலேனும் சுத்தியல் தட்டும்போது, வாங்குவோர் வாங்கட்டும். ஆனால் பட்டியலில் விலைக்கு முன்னே ஊரின் பெயர் நிற்கட்டும். அதற்கான ஏடு இன்றே இவ்வூர்ப் பள்ளியில் திறக்கப்படட்டும். முதற் பக்கத்தில் எழுத ஒரு காசும் கிடைக்காவிட்டாலும் கேடில்லை, ஏடு காத்திருக்கும். காசு வந்து ஏடில்லாமற் போவதே கேடு.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் அறிவு!